ஸ்பிரே படகின் வரவும் செலவும்

1896ஆம் ஆண்டு டிசம்பரில் மெல்போர்ன் துறைமுகத்துக்கு ஒரு பாய்மரப் படகு வந்து சேர்ந்தது. பெயர் ஸ்பிரே. நீளம் 36 அடி 9 அங்குலம். அதில் இருந்தவர் ஒரே ஒருவர். கேப்டன், மாலுமி, சமையற்காரர் எல்லாமே அவர்தான்: ஜோஷுவா ஸ்லோகம். துறைமுக அதிகாரி டன்னுக்கு ஆறு பென்ஸ் கட்டணம் கேட்டார். படகின் கொள்ளளவு பன்னிரண்டு டன்னும் கொஞ்சமும்தான். அந்தக் கொஞ்சத்தை முழு டன்னாக்கி, பதின்மூன்று டன்னுக்கு ஆறு ஷில்லிங் ஆறு பென்ஸ் வாங்கிக்கொண்டார்.

பெரிய தொகை இல்லை. ஆனால் பிரேசிலின் பெர்னம்புகோவைத் தவிர வேறெந்தத் துறைமுகமும் ஸ்லோகத்திடம் இந்தக் கட்டணத்தை வாங்கியதில்லை. மனிதருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். படகைப் பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு ஆறு பென்ஸ் வசூலிக்கத் தொடங்கினார். பதின்மூன்று பேர் ஏறி இறங்கினால் கட்டிய பணம் கைக்குத் திரும்பிவிடும். கூட்டம் குறைந்தபோது ஒரு சுறாவைப் பிடித்தார். பன்னிரண்டரை அடி நீளம். வயிற்றுக்குள் 26 குட்டிகள், ஒவ்வொன்றும் இரண்டு அடிக்குக் குறையாதது. ஒரு சிறு தோணியில் நீர் நிரப்பி, அந்த நீரை மாற்றிக்கொண்டே இருந்து, குட்டிகளை ஒரு நாள் முழுவதும் உயிரோடு வைத்திருந்தார். அதைப் பார்க்கவும் ஆறு பென்ஸ். கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாமல், சுறாக்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஓர் ஐரிஷ்காரரைக் கூலிக்கு அமர்த்தினார். அவரோ சுறாவின் குணாதிசயங்களைத் தம் இஷ்டத்துக்குக் கற்பனை செய்து அளக்க ஆரம்பித்ததால், ஸ்லோகம் அவரை வேலையிலிருந்து விலக்கவேண்டியதாயிற்று.

தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் என்றுதான் ஸ்லோகத்தை எல்லோருக்கும் தெரியும். 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பி, 46,000 மைல் கடந்து, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டில் நங்கூரமிட்டார். மூன்றாண்டுக்கும் மேல். அத்தனை காலம் சோற்றுக்கும் கயிற்றுக்கும் பாய்த்துணிக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கடலில் வாழ்ந்துகொண்டே பிழைப்பை நடத்துவது பற்றி இன்று பேசுகிறவர்கள் இணையத்தையும் செயற்கைக்கோளையும் வைத்துத் தொடங்குகிறார்கள். அவை எதுவும் இல்லாத ஒருவரின் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது என்பது என் எண்ணம். அவர் தம் பயண நூலில் வரவு செலவை ஒளிக்காமல், கொஞ்சம் குறும்போடு எழுதியும் வைத்திருக்கிறார்.

வேலையில்லாத கேப்டன்

1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த ஸ்லோகம் சாதாரண மாலுமியாகத் தொடங்கிப் பெரிய பாய்மரக் கப்பல்களின் கேப்டனாக உயர்ந்தவர். சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். அக்விட்னெக் என்ற அந்தக் கப்பல் 1887 இறுதியில் பிரேசில் கரையில் தரைதட்டி உடைந்தது. காப்பீடு கிடையாது. முதலீடு முழுவதும் மணலில் போயிற்று. அங்கேயே ஒரு சிறு படகைக் கட்டி, மனைவியையும் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார்.

திரும்பி வந்தால் தொழிலே இல்லை. நீராவிக் கப்பல்கள் சரக்கை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தன. உயர்ந்த பாய்மரங்களோடு நின்ற கப்பல்களை வெட்டிக் குறுக்கி நிலக்கரி ஏற்றும் மிதவைகளாக்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கட்டும் தளத்தில் கூலி வேலை தேடினால், சங்கத்துக்கு முதலில் 50 டாலர் கட்டவேண்டும் என்றார்கள். இந்த நிலையில்தான் 1892ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஈபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கல வேட்டைக் கேப்டன், ஃபேர்ஹேவனுக்கு வந்தால் ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார், கொஞ்சம் பழுது பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கையோடு. போய்ப் பார்த்தால், ஒரு வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்ட மட்கிய படகு. ஸ்பிரே அதுதான்.

ஸ்லோகம் ஆசைக்காகக் கடலுக்குப் போனவர் என்று நினைத்தால் இந்தக் கதையின் பாதி பிடிபடாது. கரையில் அவருக்குச் சம்பளம் தர ஆள் இல்லை. எனவே, ‘வேலையை விட்டுவிட்டுக் கிளம்புவதா’ என்ற இன்றைய குழப்பம் அவருக்கு வாய்க்கவில்லை.

முதல்: 553 டாலர் 62 சென்ட்

படகை அடியிலிருந்து புதிதாகக் கட்டினார். மரம் முதலிய பொருட்களுக்கு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு, சொந்தக் கைகளால் பதின்மூன்று மாதம். ஃபேர்ஹேவனில் அவர் இருந்தது அதற்கும் மேல் சில மாதங்கள். துறைமுகத்தில் திமிங்கலக் கப்பல்கள் பயணத்துக்குத் தயாராகும்போது அவற்றில் அவ்வப்போது கூலி வேலை பார்த்ததால் அந்தத் தாமதம். படகு கட்டும் செலவை, படகு கட்டும் ஊரிலேயே, படகு கட்டும் திறமையைக் கொண்டே சம்பாதித்தார். கடன் இல்லை. இந்த ஒரு விவரம் அவருடைய மொத்தப் பயணத்தையும் தாங்கிநின்றது என்று சொல்வேன். மாதத் தவணை கட்டவேண்டிய படகாக இருந்திருந்தால், மெல்போர்னில் எத்தனை சுறா பிடித்தாலும் போதியிருக்காது.

செலவைக் குறைப்பதில் அவர் கறாரானவர். திறந்த கடலில் நெட்டாங்கு (தீர்க்கரேகை) கணிக்கக் குரோனோமீட்டர் என்ற துல்லியமான கடிகாரம் வேண்டும் என்பது அந்நாள் வழக்கம். அவருடைய பழைய கருவியைப் பழுது பார்க்க 15 டாலர் கேட்டார்கள். அதை வீட்டில் விட்டுவிட்டு, நோவா ஸ்கோஷியாவின் யார்மத்தில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். ஒன்றரை டாலர் விலை சொன்ன கடைக்காரர், முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கொடுத்தார். அதைக் கொண்டுதான் உலகைச் சுற்றினார். சந்திரனுக்கும் சூரியன் அல்லது ஒரு விண்மீனுக்கும் இடையிலான கோணத்தை அளந்து நேரம் கணிக்கும் பழைய வித்தை தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவர் அதே சிக்கனத்தைச் செய்தால் பாறையில் மோதுவார். சிக்கனம் அவருடைய திறமையின் மறுபக்கம். இதைப் பிரித்துப் பார்த்து, ‘எளிமையாக வாழ்ந்தால் போதும்’ என்று அறிவுரை சொல்கிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

வறண்ட ஊற்றுகள்

கிளம்புவதற்கு முன்பே படகைச் சம்பாதிக்க வைக்க முயன்றார். ஒரு பருவம் முழுவதும் கரையோரம் மீன்பிடிக்கப் போனார். தூண்டிலில் இரை கோக்கும் சூட்சுமம் தமக்கு வரவில்லை என்று கண்டுகொண்டதே அதன் லாபம். பெரிய கப்பல்களை ஓட்டிய கேப்டனால் மீனவர்களோடு போட்டி போட முடியவில்லை. அவர்கள் அந்தத் தொழிலிலேயே பிறந்தவர்கள்.

அடுத்தது செய்தித்தாள். பயணக் கடிதங்களை வெளியிட பாஸ்டன் குளோப் உள்ளிட்ட சில பத்திரிகைகளோடு ஏற்பாடு இருந்தது. முதல் கட்டத்திலிருந்து சில கடிதங்கள் அச்சேறின. அதற்கு மேல் அது ஓடவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பத்திரிகைக்கு வாரம் தவறாமல் ஏதாவது வேண்டும். பாய்மரப் படகு காற்று வீசும்போது மட்டுமே நகரும், கடிதமோ துறைமுகத்தில் மட்டுமே கிளம்பும்.

மூன்றாவது, பழைய கடன் வசூல். 1893-94இல் டெஸ்ட்ராயர் என்ற போர்ப்படகை அமெரிக்காவிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார், கூலி வரவில்லை. ரியோ டி ஜெனிரோவைத் தொட்டபோது அரசிடம் கேட்டுப் பார்த்தார். வேண்டுமானால் அந்தப் படகையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அது அப்போது பாஹியாவில் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

அலைந்து திரியும் வாழ்வில் ஒருவர் நம்பியிருக்கும் வருமானங்களில் பாதி இப்படித்தான் முடியும் என்று கணக்கில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஸ்லோகம் எதையும் நம்பி நிற்கவில்லை. ரியோவில் கிடைக்காததைப் பற்றி நூலில் ஒரு நகைச்சுவையோடு விட்டுவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போகிறார்.

கடலில் கிடைத்த கொழுப்பு

தென் அமெரிக்காவின் தென்முனையில் உள்ள மெகல்லன் நீரிணை, பாய்மரப் படகுக்கு எமன். மலையிலிருந்து திடீரென இறங்கும் சூறைக்காற்று, இரவில் திருட வரும் ஆட்கள். படகின் தளத்தில் கம்பள ஆணிகளைத் தூவிவிட்டு அவர் தூங்கிய புகழ்பெற்ற கதை இங்குதான் நடந்தது. ஆனால் நம் கணக்குக்கு முக்கியம் வேறொன்று. உடைந்த ஏதோ ஒரு கப்பலின் சரக்கு ஒரு சிறு குடாவில் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டார்: பீப்பாய் பீப்பாயாக விலங்குக் கொழுப்பு. பாசிக்குள் புதைந்து ஒரு பீப்பாய் ஒயினும் இருந்தது. குளிரிலும் மழையிலும் அந்தப் பீப்பாய்களை இழுத்து, படகில் இடமிருக்கும்வரை ஏற்றினார். கேப்டனுக்கு உள்ளே இருந்த பழைய வணிகர் விழித்துக்கொண்டார்.

1896 ஏப்ரல் இறுதியில், சிலி நாட்டுக்கு மேற்கே உள்ள ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவு. அங்கே காப்பியும், கொழுப்பில் பொரித்த மாவு வடைகளும் செய்து விருந்து வைத்தார். தீவினருக்கு அந்தப் பலகாரம் புதிது. எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுத்தார். பிறகு அவர்களுக்குக் கொழுப்பு வேண்டியிருந்தது, அவரிடம் படகு நிறைய இருந்தது. விலை அதிகம் வைக்கவில்லை என்கிறார். தீவினர் கொடுத்த காசுகளில் சில, விரிகுடாவில் என்றோ மூழ்கிய பழைய ஸ்பானியக் கப்பலிலிருந்து எடுத்தவை. அந்தப் பழங்காசுகளைப் பின்னர் சேகரிப்பாளர்களிடம் முகமதிப்பைவிடக் கூடுதலாக விற்றார். மீதிக் கொழுப்பு பசிபிக் தீவான சமோவாவில் சோப்பு காய்ச்சும் ஒரு ஜெர்மானியரிடம் போயிற்று. சுறாக் காட்சியின் வசூலும் இந்தக் கொழுப்பின் விலையும் சேர்ந்து கையில் தாராளமாகப் பணம் நின்றது என்று அவரே எழுதுகிறார்.

முதலில்லாச் சரக்கு, வாங்குவோரின் தேவையைத் தானே உண்டாக்கிய விற்பனை, கிடைத்த நாணயத்திலேயே இன்னொரு லாபம். தூண்டிலில் இரை கோக்கத் தெரியாதவர்தான் இதைச் செய்தார். மீன்பிடியில் அவர் உள்ளூர்க்காரர்களுக்குப் போட்டியாளர். ஹுவான் ஃபெர்னாண்டஸில் உள்ளூர்க்காரர்களிடம் இல்லாததைக் கொண்டுவந்தவர். அலைந்து திரிகிறவரின் பிழைப்பு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஓர் ஊரில் மலிந்து கிடப்பதை, அது இல்லாத ஊருக்குக் கொண்டுபோவது. பொருளாக இருக்கலாம், கைத்திறனாக இருக்கலாம், கதையாகவும் இருக்கலாம்.

மேடை

கதைதான் கடைசியில் பெரிய வருமானமாயிற்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையில் ஊர் மக்களைக் கூட்டி வைத்துப் பயணத்தைப் பற்றிப் பேசினார். மொரீஷியஸின் போர்ட் லூயியில் நாடக அரங்கையே கொடுத்தார்கள். கேப் டவுனில் அரசு வானியலாளர் டேவிட் கில் தலைமையில் சொற்பொழிவு நடந்தது. துறைமுகச் செலவுகளுக்கும் வீடு திரும்பும் பயணத்துக்கும் போதுமான பணம் அதில் கிடைத்துவிட்டது. செயின்ட் ஹெலினாவில், பிறகு மேற்கிந்தியத் தீவுகளில் ஆன்டிகுவாவில் என்று மேடை தொடர்ந்தது.

சரக்கைப் போல எடை உள்ளதல்ல இது. விற்றாலும் தீராது, அடுத்த ஊரில் இன்னும் கொஞ்சம் நீளும். 1895இல் பாஸ்டனில் அவரிடம் விற்க ஒன்றும் இல்லை, திட்டம் மட்டுமே இருந்தது. 1898இல் கேப் டவுனில் மூன்று பெருங்கடல் பின்னால் இருந்தது. பயணத்தின் முதல் பாதியில் வடையும் சுறாவும் தேவைப்பட்டதற்கும் பின்பாதியில் மேடை போதுமானதாக இருந்ததற்கும் அதுவே காரணம். இன்று முதல் நாளிலிருந்தே பயணக் கதையால் பிழைத்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் அந்த முதல் பாதியை எதைக் கொண்டு ஓட்டுவது என்று யோசிப்பதில்லை.

இடையில் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் கீலிங் தீவில் இன்னொரு வணிகமும் நடந்தது. நிலைப்பாரமாக வைத்திருந்த சிமென்டை வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் ராட்சதச் சிப்பிகளை ஏற்றினார். எப்படியும் படகுக்கு அடிப்பாரம் வேண்டும். அது விலைபோகும் பாரமாகவே இருக்கட்டுமே! அந்தச் சிப்பி எடுக்கப் போன இடத்தில் சிறு படகு காற்றில் திறந்த கடலை நோக்கி அடித்துச் செல்லப்பட்டு உயிர் பிழைத்தது தனிக் கதை.

கணக்கில் சேராதவை

மேலே சொன்னவை அவர் சம்பாதித்தவை. சம்பாதிக்காமல் கிடைத்தவையும் சிறியவை அல்ல. உருகுவேயின் மாண்டிவிடியோவில் ராயல் மெயில் கப்பல் நிறுவனத்தின் முகவர்கள் படகை இலவசமாகப் பழுது பார்த்து, கையில் 20 பவுண்டும் கொடுத்தார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 97 டாலர். படகைக் கட்டிய பொருட்செலவில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். சிட்னியில் மார்க் ஃபோய் என்ற செல்வந்தர் ஒரு முழுத் தொகுதிப் புதிய பாய்களைப் பரிசளித்தார். தென்னாப்பிரிக்காவில் இலவச ரயில் அனுமதிச் சீட்டு. துறைமுகக் கட்டணமோ அநேகமாக எங்கும் இல்லை. எல்லாப் பரிசும் லாபமில்லை என்பதையும் சொல்லவேண்டும். செயின்ட் ஹெலினாவில் ஓர் அமெரிக்கர் அன்பாகக் கொடுத்த ஆடு, மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தைத் தின்றுவிட்டது.

இந்த வரவை ஆய்வில் என்ன செய்வது? ஸ்லோகத்தைப் பின்பற்ற நினைப்பவர்கள் இதை அப்படியே அடித்துவிட வேண்டும். அவர் முதல் ஆள், அதனால் கிடைத்தது. இன்று கரீபியன் துறைமுகம் ஒன்றில் நுழையும் படகைப் பார்த்து யாரும் தலைக்கு ஆறு பென்ஸ் கொடுக்கமாட்டார்கள்.

எந்தக் கணக்கிலும் வராத இன்னொருவர் இருக்கிறார். இரண்டாவது மனைவி ஹெட்டி. அக்விட்னெக் உடைந்ததையும், கையால் கட்டிய படகில் திரும்பிய அந்தப் பயணத்தையும் அனுபவித்தவர். மீண்டும் கடலுக்கு வரவில்லை. ஸ்லோகம் கிளம்பும்போது கடைசி மகன் கார்ஃபீல்டுக்கு 14 வயது. மூன்றாண்டு குடும்பம் கரையில் எப்படி நடந்தது என்பதற்குப் பயண நூலில் ஒரு வரி வரவு செலவு கிடையாது. ஒருவர் வாய்க்கு மட்டும் சம்பாதித்தால் போதும் என்ற நிலையில் எழுதப்பட்ட கணக்கு இது. வடை விற்ற லாபத்தைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

பயணம் முடிந்த பிறகு

செஞ்சுரி இதழில் 1899-1900இல் தொடராக வந்த பயணக் கதை 1900இல் நூலாயிற்று, நன்றாக விற்றது. 1901இல் பஃபலோ நகரப் பொருட்காட்சிக்கு ஸ்பிரேயைக் கால்வாய் வழியே கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். உலகைச் சுற்றிய பாயின் துணித்துண்டு ஒட்டிய சிறு புத்தகம் அங்கே விற்பனையில் இருந்தது. மறுபடியும் அதே ஆறு பென்ஸ் புத்தி! 1902இல் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஒரு சிறு பண்ணை வாங்கினார். விவசாயம் ஒட்டவில்லை. குளிர்காலங்களில் தனியே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், சங்குகளும் சிப்பிகளும் ஏற்றிவந்து கோடையில் விற்றார், தம் நூலையும் கையெழுத்திட்டு விற்றார். 1909 நவம்பரில் அப்படி ஒரு பயணம் கிளம்பியவர் திரும்பவில்லை.

மூன்றாண்டுப் பயணத்தில் தற்செயலாகச் செய்தவை எல்லாம் கடைசிப் பத்தாண்டில் அவருடைய நிரந்தரத் தொழிலாகிவிட்டன.

இன்று

ஸ்லோகம் செய்தவற்றில் பலவற்றை இப்போது செய்தால் அபராதம். ஒதுங்கிய சரக்குக்கு உரிமைச் சட்டங்கள் உண்டு. ராட்சதச் சிப்பி, பன்னாட்டு வணிகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட உயிரினங்களில் ஒன்று. சுற்றுலா அனுமதியில் நுழைந்தவர் உள்ளூரில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்வதைப் பெரும்பாலான நாடுகள் தடுக்கின்றன. எஞ்சியிருப்பது பிற படகுக்காரர்களுக்குச் செய்யும் கைவேலை, ஒருவர் படகை இன்னொரு துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பது, தொலைவிலிருந்து செய்யும் கணினி வேலை, எழுத்து, காணொளி.

கைவேலை வழியில் நீண்ட காலம் நின்று காட்டியவர்கள் லின், லாரி பார்டி தம்பதி. லாரி தம் கையால் கட்டி 1968இல் நீரில் இறக்கிய செராஃபின் 24 அடி 4 அங்குலம்தான், இயந்திரம் கிடையாது. பாய்மரக் கயிறு வேலை, படகுப் பழுது, படகு கொண்டுபோய்ச் சேர்த்தல், பத்திரிகைக் கட்டுரை என்று கிடைத்ததைச் செய்து, பதினோரு ஆண்டு உலகைச் சுற்றினார்கள். ஸ்லோகத்தின் ஃபேர்ஹேவன் நாட்கள் இவர்களிடம் பயணம் முழுவதும் நீண்டன. இயந்திரம் இல்லாத படகுக்கு எரிபொருளும் வேண்டாம், உதிரிப்பாகமும் வேண்டாம். வேலை குறைவாகக் கிடைத்த மாதங்களில் அதுவே வருமானம்.

மேடை வழியின் இன்றைய வாரிசு யூடியூப். ஆஸ்திரேலியர்களான ரைலி வைட்லமும் எலேய்னா கராசுவும் நடத்தும் லா வகபாண்ட் அதில் பெயர் பெற்றது. 2019 நவம்பரில் பருவநிலைப் போராளி கிரேட்டா துன்பெர்கை அமெரிக்காவிலிருந்து லிஸ்பனுக்கு ஏற்றிவந்தது இவர்களுடைய படகு. பார்வையாளர்கள் தரும் சந்தாவில் படகு ஓடுகிறது. ஸ்லோகத்தின் சொற்பொழிவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அவர் புயலைக் கடந்த பிறகு, நன்றாகத் தூங்கி எழுந்து, சட்டை மாற்றிக்கொண்டு மேடையேறினார். ஹுவான் ஃபெர்னாண்டஸிலிருந்து சமோவாவரை 72 நாள் எந்தத் துறைமுகத்தையும் தொடவில்லை, யாருக்கும் எதுவும் அனுப்பவேண்டியிருக்கவில்லை. காணொளிக்காரர் புயலின்போதே கேமராவைப் பிடிக்கவேண்டும், அடுத்த வாரத்துக்குள் வெட்டி ஒட்டி ஏற்றவும் வேண்டும். நடுக்கடலிலும் இணையம் கிடைப்பதற்கு முன், நல்ல இணைப்பு கிடைக்கும் துறைமுகத்தை நோக்கித்தான் சுக்கான் திரும்பியது.